மனுவின் மூன்றாம் பக்கம்

எங்கள் சங்கத்தின் ஆண்டு மலரில் ஒன்பது வருடமாகச் செயலாளர் அறிக்கை எழுதி வந்தவன் நான். இந்த வருடம் அறிக்கை எழுத என்னிடம் ஒன்றுமில்லை. வருடம் முழுக்க ஆஸ்பத்திரியும் கட்டிலுமாகக் கிடந்தவன் எந்தக் கூட்டத்தைக் கூட்டினேன் என்று எழுதுவது? ஆனாலும் எனக்கென்று நான்கு பக்கம் ஒதுக்கியாகிவிட்டது, ஏதாவது எழுதித் தாரும் என்று தலைவர் நச்சரிக்கிறார். ஆகவே என் வயிற்றைப் பற்றி எழுதுகிறேன். இரைப்பையில் முக்கால்வாசியை வெட்டி எடுத்துவிட்டார்கள். மிச்சமிருப்பதில் ஒரு நேரத்துக்கு ஒரு கைப்பிடிக்கு மேல் கொள்ளாது. இந்தப் பந்தியை எழுதி முடிப்பதற்குள் இரண்டு தடவை எழுந்துபோய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

மொன்றியலில், சென்ட் லோரன்ட் பக்கம், ஒரு மருந்துத் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடம் வேலை செய்தேன். பெட்டிகளை நிறுத்துப் பார்ப்பது என் வேலை. நிறை குறைந்த பெட்டியை வரிசையிலிருந்து தூக்கி எறிய வேண்டும். ஊரார் விழுங்கும் குளிசைகளையெல்லாம் நிறுத்துக்கொண்டிருந்தவனுக்குத் தன் உடம்பு நிறை குறைவது தெரியவில்லை. நெஞ்செரிவு, ஏப்பம், இரண்டு வாய்க்கு மேல் இறங்காத சோறு. மனைவி பவானி ஓமத்தண்ணீர் காய்ச்சித் தந்தா. குடித்துவிட்டு வேலைக்குப் போனேன். காற்சட்டை இடுப்பில் நிற்காமல் வழுகியபோது புது பெல்ட் வாங்கினேனே தவிர டொக்டரிடம் போகவில்லை.

கடைசியில் போனபோது எண்டொஸ்கொப்பி செய்தார்கள். நுனியில் கமரா பூட்டிய மெல்லிய குழாய் ஒன்றை வாய்வழியாக வயிற்றுக்குள் இறக்கிப் பார்ப்பது. பயப்பட ஒன்றுமில்லை, பாதி மயக்கத்தில் முடிந்துவிடும். உள்ளே பார்த்த இடத்தில் சந்தேகம் வந்தால் ஒரு துணுக்குச் சதையைக் கிள்ளி எடுத்து ஆய்வுக்கு அனுப்புவார்கள், அதுதான் பயொப்சி. பதில் வரும்வரை காத்திருந்த பத்து நாட்கள்தான் பயங்கரம். பதினோராம் நாள் இரைப்பையில் புற்றுநோய் என்று சொன்னார்கள். பவானி என் கையைப் பிடிக்கவில்லை, தன் கைப்பையைத்தான் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தா.

திட்டத்தை டொக்டர் ஒரு தாளில் படமாகக் கீறிக் காட்டினா. என் மகள் அபிராமியின் வயதுதான் இருக்கும் அவவுக்கு. முதலில் இரண்டு கிழமைக்கு ஒருமுறையாக நான்கு தடவை கீமோ, கட்டியைச் சுருக்க. பிறகு ஒப்பரேசன். பிறகு மீண்டும் நான்கு தடவை கீமோ. கீழே ஒரு கோடு போட்டு ஐம்பத்தைந்து கிலோ என்று எழுதினா. அதற்குக் கீழே போனால் என் உடம்பு ஒப்பரேசனைத் தாங்காது, தள்ளிப்போட வேண்டும். தள்ளிப்போட்டால் கட்டி எங்களுக்காகக் காத்திருக்காது. அன்று நான் அறுபத்திரண்டு கிலோ.

எங்கள் ஆட்கள் புற்றுநோயை வெளியில் சொல்வதில்லை என்பது இதை வாசிக்கும் எல்லோருக்கும் தெரியும். பவானியும் சொல்லவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் அல்சர் என்றா. எங்கள் பகுதியான பார்க் எக்ஸ்டென்ஷனில் ஒரு தமிழ்க் கடையில் அல்சர் என்று சொன்னால் அடுத்த நாள் நாலு வீட்டிலிருந்து வில்வம்பழமும் அகத்திக் கீரையும் வந்துவிடும். வந்தன. எல்லாவற்றையும் வாங்கிக் குளிர்ப்பெட்டியில் அடுக்கினோம். எதையும் என்னால் சாப்பிட முடியவில்லை.

கீமோ என்பது ஒரு நாற்காலியில் ஐந்து மணித்தியாலம் சாய்ந்திருப்பது. காறையெலும்புக்குக் கீழே தோலுக்குள் பொத்தான் அளவில் ஒன்றைப் புதைத்துவிடுவார்கள், அதற்குள் ஊசியைக் குத்தி மருந்தை ஏற்றுவார்கள். அந்த நேரம் ஒன்றும் செய்யாது. இரண்டாம் நாள்தான் தொடங்கும். எனக்குத் தண்ணீரின் மணமே பிடிக்காமல் போனது. தண்ணீருக்கு மணம் உண்டென்று அதுவரை எனக்குத் தெரியாது. பவானி சமையலறைக் கதவை மூடிவிட்டுத்தான் வெங்காயம் வதக்குவா, பிறகு தலையில் துவாய் கட்டிக்கொண்டு, உடுப்பும் மாற்றிக்கொண்டு என் பக்கத்தில் வருவா. அப்படியும் வாந்திதான். வாந்திக்கு மூன்று வகைக் குளிசை தந்தார்கள். மூன்றையும் வாந்தி எடுத்தேன்.

போகும் ஒவ்வொரு முறையும் முதலில் தராசில் ஏற்றுவார்கள். இரண்டாம் கீமோவுக்குப் போனபோது நான் காற்சட்டைப் பையில் வீட்டுச் சாவி, கார்ச் சாவி, ஒரு பிடி சில்லறை எல்லாம் போட்டுக்கொண்டு, சுவெட்டருக்குள் இன்னொரு சுவெட்டரும் போட்டுக்கொண்டு ஏறினேன். தாதி சிரித்துக்கொண்டு பையைக் காலியாக்கச் சொன்னா. நிறை குறைந்த பெட்டியை எத்தனை ஆயிரம் தடவை பிடித்திருப்பேன். அன்று நான் பிடிபட்டேன். ஐம்பத்தெட்டு.

அன்றுதான் டொக்டர் கஞ்சா எண்ணெய் என்ற பேச்சை எடுத்தா. நாக்குக்கடியில் சில சொட்டு, வாந்தியைக் குறைக்கும், பசியைக் கொஞ்சம் தூண்டும், எல்லோருக்கும் கேட்கும் என்று சொல்ல முடியாது, ஆனால் முயன்று பார்க்கலாம். இதை எனக்குத் தமிழில் சொன்னவ சுகந்தி.

சுகந்தி யார் என்று சொல்லவேண்டும். என் பிரெஞ்சு தொழிற்சாலைப் பிரெஞ்சு, வணக்கமும் நன்றியும் பெட்டி எண்ணிக்கையும்தான். அபிராமிக்குத் தூரத்தில், புவாண்ட்-கிளேரில் வேலை, ஒவ்வொரு முறையும் லீவு எடுக்க முடியாது. தவிர, பெரிய முடிவுகளைப் பிள்ளைகள் மூலம் கதைக்க ஆஸ்பத்திரி விடாது, மொழிபெயர்ப்பாளர் வேண்டும். மொன்றியலில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் எத்தனை பேர் இருக்கப்போகிறார்கள்? கதவைத் திறந்துகொண்டு வந்தது எங்கள் சங்கத்துக் குணராசாவின் மனைவி சுகந்தி. குணராசா நுரையீரல் புற்றுநோயில் போய்ச் சேர்ந்து சில வருடமாகிறது. அதன் பிறகுதான் அவ இந்த வேலைக்குப் படித்தா.

இனி என்னைப் பற்றியும் சொல்லவேண்டும். இந்த நாட்டில் கஞ்சா எல்லோருக்கும் சட்டபூர்வமான அந்த வருடம், எங்கள் பக்கத்தில் ஒரு அரசாங்கக் கஞ்சாக் கடை வரப்போகிறது என்று கதை கிளம்பியபோது, அதை எதிர்த்து மனு எழுதியது நான். தமிழ் வானொலியில் நேயர்கள் எல்லோரும் நாடு குட்டிச்சுவராகிவிட்டது என்று அழுதுகொண்டிருந்தார்கள், நான் எல்லோரையும்விட உரத்துக் கதைத்தேன். இது நோயாளிகளுக்கு மருந்தாகப் பல வருடமாகவே அனுமதியில் இருக்கிறது சார் என்று தமிழ்நாட்டு டொக்டர் ஒருவர் பணிவாகச் சொல்லப் பார்த்தார். கஞ்சாவுக்கு வெள்ளைச் சட்டை போட்டுவிட்டால் மருந்தாகிவிடுமா என்று கேட்டு அவர் வாயை அடைத்தேன். கடைத் தெருவில் ஒரு கிழமை எனக்கு ஒரே பாராட்டு. என் சின்னம்மாவின் மகன் ஒருவன் ஊரில் கஞ்சாவால் சீரழிந்து போனவன், அந்தக் கோபம் உண்மையான கோபம்தான். ஆனால் பாராட்டும் ருசித்தது, அதையும் மறைக்கவில்லை.

வீடு வீடாகப் போய் நானூறு கையெழுத்துச் சேர்த்தேன். சுகந்தி வீட்டுக்கும் போனேன். குணராசாவுக்குச் சளிக்காய்ச்சல் என்றா. அவர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து கையெழுத்து வைத்தார். இரண்டு மாதத்தில் அவருடைய செத்தவீடு. அஞ்சலி உரை செயலாளர்தானே செய்யவேண்டும்? சாகும் தறுவாயிலும் கை நடுங்காமல் எங்கள் மனுவில் கையெழுத்து வைத்த வீரர் என்று பேசினேன். சுகந்தி முன்வரிசையில் இருந்தா.

இப்போது அதே சுகந்தி என் முன்னால் இருந்து, கஞ்சா எண்ணெய் எடுக்க உங்களுக்குச் சம்மதமா என்று கேட்கிறா. அவவின் முகத்தில் ஒன்றுமில்லை. எனக்குத்தான் காது சுட்டது. வேண்டாம் என்றேன். டொக்டர் மீண்டும் கேட்டா. வேண்டவே வேண்டாம் என்று தலையையும் ஆட்டினேன். இவ வெளியில் போய்ச் சொன்னால் நான் எந்த முகத்தோடு கோயிலுக்குப் போவது என்பதுதான் என் யோசனை. உயிரைப் பற்றி அல்ல.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னதும் அபிராமி சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வெளியே போனாள். அந்தக் கடை எங்கள் பக்கம் வரவில்லை அல்லவா, எங்கள் மனுவால்தான் வரவில்லை என்று நான் மார்தட்டியிருந்தேன். அதனால் என் பிள்ளை உறைபனிக்குள் மெற்றோ மாறி, பஸ் பிடித்து, ஒன்றரை மணித்தியாலம் கழித்து ஒரு சின்னப் போத்தலோடு வந்தாள். பவானி அதை வாங்கி மிளகாய்த்தூள் டின்னுக்குப் பின்னால் ஒளித்து வைத்தா. யாரிடமிருந்து ஒளித்தா என்று தெரியவில்லை, வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான்.

முதல் நாள் சொட்டு விட்டபோது நாக்கு புல்லுக் கடித்ததுபோல் கசந்தது. ஒன்றரை மணித்தியாலம் ஒன்றும் நடக்கவில்லை. அதன் பிறகு பவானியைக் கூப்பிட்டுப் புட்டு அவிக்க முடியுமா என்று கேட்டேன். முட்டைப்பொரியலோடு அரை நீத்துப்பெட்டிப் புட்டுச் சாப்பிட்டேன். அது வயிற்றில் நின்றது. பவானி அடுப்படியில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அழுதா. எனக்கும் அழுகை வந்தது. சந்தோசமா வெட்கமா என்று கேட்டால் இரண்டும்தான்.

மூன்றாவது கீமோவுக்கு ஐம்பத்தொன்பது. சாவியும் சில்லறையும் இல்லாமல். டொக்டர் மகிழ்ந்துபோனா, எப்படி என்று கேட்டா. மனைவியின் சமையல் என்றேன். சுகந்தி அதை அப்படியே பிரெஞ்சில் சொன்னா.

இங்கேதான் நான் செய்த முட்டாள்தனம். எனக்கு இன்னும் கொஞ்சம் வாந்தி இருந்ததால் டொக்டர் புதுக் குளிசை ஒன்று எழுதினா, வாந்தியையும் நிறுத்தும், நித்திரையையும் தரும் என்று. கொடுப்பதற்கு முன் தாதி ஒரு பட்டியலை வாசித்தா. வேறு மருந்து, நாட்டு மருந்து, மதுபானம், கஞ்சா ஏதாவது எடுக்கிறீர்களா? சுகந்தி ஒவ்வொன்றாகத் தமிழில் கேட்டா. ஒவ்வொன்றுக்கும் இல்லை என்றேன்.

எண்ணெயும் குளிசையும் ஒன்றாகச் சேர்ந்த மூன்றாம் நாள் மத்தியானம் குளியலறையில் எழுந்து நின்றேன். அடுத்து எனக்குத் தெரிந்தது அம்புலன்சின் கூரை. நெற்றி பிளந்து ஆறு தையல்.

வோர்டில் வைத்துக்கொண்டார்கள். விழுந்தது நான், பயந்தது டொக்டர். புற்றுநோய் மூளைக்குப் பரவியிருந்தாலும் இப்படி மயக்கம் வரும், அதனால் காரணம் தெரியும்வரை ஒப்பரேசன் பற்றி யோசிக்க முடியாது என்றா. தலையை ஸ்கான் செய்தார்கள். பிறகு எம்ஆர்ஐ, அதாவது ஒரு குழாய் மாதிரியான இயந்திரத்துக்குள் தள்ளிக் காந்தத்தால் படம் பிடிப்பது, உள்ளே யாரோ தகரத்தில் அடிப்பதுபோல் சத்தம். அதிலும் ஒன்றும் இல்லை. இல்லை என்றதும் அவர்கள் நிம்மதியாகவில்லை, இன்னும் தேடத் தொடங்கினார்கள். எனக்குக் காரணம் தெரியும். போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு பேசாமல் கிடந்தேன்.

பவானி இஞ்சாருங்கோ, சொல்லுங்கோ என்று மன்றாடினா. நாளைக்கு என்றேன். அபிராமி மூன்று நாளாக வேலைக்குப் போகவில்லை. கால்மாட்டில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு என் பாதத்துக்குக் கிறீம் பூசிக்கொண்டிருந்தாள், கீமோவால் தோல் வெடித்திருந்தது. திடீரென்று கையை நிறுத்திவிட்டு, "அப்பா, நான்தானே வாங்கித் தந்தது. உங்களுக்கு ஏதும் நடந்தால் நான்தானே செய்தது," என்றாள். அவள் சாதாரணமாக என்னோடு பாதி பிரெஞ்சில்தான் கதைப்பாள். இதை முழுக்கத் தமிழில் சொன்னாள்.

நாலாம் நாள் காலை டொக்டரும் சுகந்தியும் வந்தார்கள். முதுகெலும்புக்கு நடுவில் ஊசி ஏற்றி, மூளையைச் சுற்றி ஓடும் நீரில் கொஞ்சம் எடுத்துப் பார்க்க வேண்டுமாம். அதற்குச் சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போடவேண்டும். பேனாவை என் கையில் தந்தார்கள். நானூறு பேரிடம் பேனாவை நீட்டியவன் நான். பேனாவைப் போர்வையில் வைத்துவிட்டு அபிராமியைப் பார்த்தேன். அவள் வாயைத் திறக்கப்போனாள். அவள் சொல்லி நான் தப்பக்கூடாது என்று தோன்றியது.

"தங்கச்சி, நான் அந்த எண்ணெய் எடுக்கிறனான். கஞ்சா எண்ணெய். மூண்டு கிழமையா. அண்டைக்கு உமக்கு முன்னாலை பொய் சொன்னனான்."

சுகந்தி அதை டொக்டரிடம் சொன்னா. பொய் என்ற சொல்லையும் விடாமல் சொன்னா என்று நினைக்கிறேன், டொக்டர் என் முகத்தை ஒருமுறை பார்த்தா. ஏசவில்லை. எத்தனை சொட்டு, எத்தனை மணிக்கு, போத்தலில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டு எழுதிக்கொண்டா. சம்மதக் கடிதத்தைத் திருப்பி எடுத்து இரண்டாக மடித்தா. புதுக் குளிசையை நிறுத்தினா. எண்ணெயை நிறுத்தவில்லை, அளவைக் குறைத்து என் மருந்துப் பட்டியலில் மற்ற மருந்துகளோடு ஒன்றாக எழுதினா. இவ்வளவுதான் விசயம். இதற்காக நாலு நாள் என் பெண்சாதி பிள்ளையை உயிரோடு வதைத்திருக்கிறேன்.

அவர்கள் போனதும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சேலைன் கம்பியை உருட்டிக்கொண்டு பின்னால் போனேன். சுகந்தி லிஃப்டுக்குப் பக்கத்தில் குளிர்க்கோட்டைப் போட்டுக்கொண்டு நின்றா. இவ்வளவு பட்டும் எனக்குப் புத்தி வரவில்லை, நான் கேட்டது இதைத்தான்.

"தங்கச்சி, இதை வெளியிலை ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதையும்."

"நான் சொல்லமாட்டன் அண்ணை. அது என்ரை வேலை. இஞ்சை கேட்டதை நான் இஞ்சையே விட்டிட்டுத்தான் போறனான்." கோட்டின் சிப்பை மேலே இழுத்தா. லிஃப்ட் வந்து திறந்தது, அவ ஏறவில்லை. "ஆனால் என்ரை கதையை நான் சொல்லலாம்தானே. நீங்கள் கையெழுத்துக்கு வந்த அண்டைக்கு, இவருக்கு டொக்டர் எழுதிக்குடுத்த அதே எண்ணெய் எங்கடை வீட்டிலை இருந்தது. வந்து ரெண்டு நாள். அந்த ரெண்டு நாளும் அவர் கஞ்சி குடிச்சவர்."

நான் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"நீங்கள் போனாப்பிறகு நான் அதைச் சிங்கிலை ஊத்திப்போட்டன். கையெழுத்தும் வைச்சிட்டு வீட்டுக்குள்ளை அதை வைச்சிருக்க எனக்குப் பயமா இருந்தது. அவரும் ஊத்து எண்டுதான் சொன்னவர். பேந்து அவர் ஒழுங்காச் சாப்பிடவே இல்லை அண்ணை."

அவவின் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். அடுத்த லிஃப்ட் வந்ததும் அவ போய்விட்டா.

நாலாம் கீமோவும் முடிந்து, ஒப்பரேசன் இரண்டு கிழமை பிந்தி நடந்தது. அன்று நான் ஐம்பத்தாறு கிலோ. ஆறு மணித்தியாலம் எடுத்தது என்றார்கள், எனக்கு ஒரு கண்மூடித் திறப்பு. வெட்டிய ஓரங்களில் புற்று இல்லை, சுத்தம் என்று முடிவு வந்தது, மிச்சக் கீமோவும் முடிந்துவிட்டது. அந்தக் கீமோ தொடங்கும் முன் ஆஸ்பத்திரியிலிருந்து அபிராமிக்கு அழைத்து, வேறு மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா, அப்பா முன்பு சங்கடப்பட்டார்போல் தெரிகிறது என்று கேட்டார்கள். சுகந்தியையே அனுப்பச் சொன்னேன். ஒவ்வொரு முறையும் வந்தா. கேட்டதைச் சொன்னா, சொன்னதைக் கேட்டா. அந்தக் கதையை நாங்கள் மீண்டும் எடுக்கவில்லை.

இதை எழுதத் தொடங்கியபோதுதான் எடுத்தேன். எழுதலாமா என்று ரெலிபோனில் கேட்டேன். "எழுதுங்கோ. அவரின்ரை பேரையும் போடுங்கோ, உங்கடை பேரையும் போடுங்கோ," என்றா.

பாதி எழுதியதைத் தலைவருக்கு அனுப்பினேன். அவர் நல்ல மனிதர், இரண்டு நாள் கழித்து அழைத்தார். எல்லாம் நன்றாக இருக்கிறது, கஞ்சா என்று வரும் இடத்தில் மட்டும் நாகரிகமாக மூலிகை எண்ணெய் என்று போட்டுவிடலாமே, பிள்ளைகளும் வாசிக்கிற மலர் என்றார். வானொலியில் அந்தச் சொல்லை எத்தனை தடவை கத்தினேன், அப்போது பிள்ளைகள் கேட்கவில்லையா என்று கேட்டேன். சரி, உம்முடைய விருப்பம் என்று வைத்துவிட்டார். அச்சில் எப்படி வருகிறதோ தெரியாது.

நேற்று அலுமாரியிலிருந்து சங்கத்தின் பழைய கோப்பை எடுத்தேன். மனுவின் பிரதி அதில் இருந்தது. நானூறு பெயரையும் புரட்டவில்லை. குணராசாவின் கையெழுத்து மூன்றாம் பக்கத்தில், மேலிருந்து ஏழாவது. அன்று வாங்கும்போது நான் அதைப் பார்க்கவில்லை, பவானி தந்த பையில் தாளைச் சொருகிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போகும் அவசரம். செத்தவீட்டில் பேசும்போதும் நான் அதைப் பார்த்திருக்கவில்லை.

முதல் எழுத்து மட்டும்தான் கட்டத்துக்குள் இருக்கிறது. மிச்சமெல்லாம் வழுகி வழுகிக் கீழே இறங்கி, எட்டாவது ஆளின் பெயருக்குக் குறுக்கே போய் நிற்கிறது. கை நன்றாகவே நடுங்கியிருக்கிறது.

க. சிவநேசன்